மைக் இல்லாமல் சொன்ன பதில்

மைக் வேண்டாம் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே மைக்செட்காரர் சவுண்டுக்கு ஆகாது. "என் குரலே போதும்ங்க" என்று மைக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். முதல் வரிசைக்குக் கேட்கும். மூன்றாம் வரிசை கழுத்தை நீட்டும். கடைசி வரிசை எழுந்து டீ குடிக்கப் போய்விடும். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு புண்ணியவான் வந்து, "என்னப்பா, சவுண்டே சரியில்லையே" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போவான். பேசியவர் மகான், ஸ்பீக்கர் பெட்டி வைத்தவன் குற்றவாளி! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

சவுண்டு என்பது அவருடைய பெயரல்ல. பெயர் என்று ஒன்று வைக்கத்தான் வைத்தார்கள். இப்போது அதை மின்சார ரசீது மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. மீசை அரும்பும் வயதில் கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து கம்பம் ஏறிய ஆள். கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று அவர் பெட்டி வைக்காத இடம் கிடையாது. கோளாறு எதுவானாலும் முதலில் பெட்டியில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அதனால் எந்த விழாவானாலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டுத் தட்டுகூட அங்கேதான் வரும். மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுக்கமான கடை. சுவரெல்லாம் ஆம்ப்ளிஃபயர், ஆணியெல்லாம் ஒயர்ச் சுருள். ஒயரை அவரேதான் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றினால் முறுக்கிக்கொள்ளுமாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் குமிழை யாராவது தொட்டுவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். கல்யாணமான புதிதில் மனைவி தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு குமிழைத் திருகிவிட்டாள். அன்று முழுக்க அவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அந்த மிக்சரில் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஜோடிக் காதுதான் உண்டு, அது தன்னுடையது என்று அவர் நம்பினார். கொஞ்ச காலம் அது உண்மையாகவும் இருந்தது.

இப்படிப்பட்டவர் அறிவியல் கூட்டத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்றால், அது பல் டாக்டர் அம்மாவின் வேலை. அந்த அம்மாவுக்கு ஒரு கிறுக்கு, நல்ல கிறுக்குதான். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், ஆராய்ச்சி பண்ணுகிறவர்களாவது டீ குடிக்க வெளியே வரட்டுமே என்று நினைத்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஓர் உணவகத்தின் மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். மேடை கிடையாது, வரவேற்புரை கிடையாது, நன்றியுரை கிடையவே கிடையாது. வருகிற விஞ்ஞானி கொஞ்ச நேரம் பேச வேண்டும், மீதி நேரம் முழுக்கக் கேள்வி. யாரும் கேட்கலாம், என்னவும் கேட்கலாம். அந்தச் சின்ன இடத்துக்கு உண்மையில் மைக்கே தேவையில்லை. ஆனால் பக்கத்திலேயே சமையலறை. புகை இழுக்கும் காற்றாடியும் பாத்திரம் கழுவுகிற சத்தமும் சேர்ந்து பேசுகிறவர் குரலை விழுங்கிவிடும். அதற்காகத்தான் சவுண்டு.

அவர் வேலை, ஒயர் இல்லாத மைக்கோடு வட்டத்துக்குள் சுற்றி வந்து கேள்வி கேட்பவர் வாயருகே பிடிப்பது. கையில் கொடுக்க மாட்டார். கொடுத்த மைக் திரும்பி வராது என்பது அவர் அனுபவம், அதிலும் குறிப்பாகக் கருத்து சாரிடமிருந்து. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கூட்டத்திலும் முதல் கை அவருடையதுதான். "கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து" என்று தொடங்குவார். அந்தச் சின்ன கருத்து முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

வருஷக்கணக்கில் மைக் பிடித்ததில் சவுண்டுக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. விஞ்ஞானிகள் எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். தானே ஓடும் பஸ்ஸைப் பற்றிப் பேசியவர் சொன்னார், "இன்னும் அஞ்சு வருஷத்துல." கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்க வந்தவரும் சொன்னார். செயற்கைத் தோல் வளர்க்கும் அம்மையாரும் சொன்னார். சொல்லும்போது எல்லோர் கண்ணும் ஒரே மாதிரி மின்னும், கூட்டம் கைதட்டும். சவுண்டும் ஆரம்பத்தில் தட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இன்னும் அஞ்சு வருஷம் பொறு, உலகமே வேற மாதிரி ஆகப்போகுது" என்பார். அவள் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். "வரட்டும், வரட்டும். மொதல்ல இந்த வாஷிங் மெஷினை ஓட வைங்க" என்பாள்.

காது போக ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. தெரிய வந்தது மட்டும் ஒரு கூட்டத்தில். ஒரு பெண்மணி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு நேராக நின்றார். திடீரென்று வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கருத்து சார் இரண்டு கையாலும் பொத்தி, கண்ணையும் மூடிக்கொண்டார். சவுண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன வேடிக்கை இது என்று சிரித்துக்கொண்டே நின்றார். யாரோ அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்த பிறகுதான் உறைத்தது. பெட்டிக்கு நேராகப் போன மைக் விசிலடித்திருக்கிறது. மைக்செட் வைக்கிறவனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. சின்ன வயதில், விசில் வரப்போகிறது என்பதை வருவதற்கு முன்னாலேயே காதில் பிடித்துக் குமிழைத் திருகியவர் அவர். இப்போது ஊரே காதைப் பொத்தும் விசில் அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

"ஒயர்ல கோளாறு" என்றார். ஒயர் இல்லாத மைக்கில் ஏது ஒயர்? யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வேஷம்தான். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சத்தத்தை வைத்தார். முகங்களைப் பார்த்து, சிரித்தால் சிரித்தார். கடைக்கு வரும் போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். கல்யாண வீட்டுக்காரர்கள் பேசுவதை அவள் கேட்டு, தேதியையும் இடத்தையும் அவருக்கு உரக்கச் சொல்ல வேண்டும். காது டாக்டரிடம் போங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"போனா என்ன சொல்வான்? மெஷின் மாட்டிக்கோம்பான். காதுல மெஷின் மாட்டினவன் மைக்செட் வெச்சா எவன் கூப்பிடுவான்? கண்ணு தெரியாதவன்கிட்ட யாராவது கார் ஓட்டக் குடுப்பாங்களா?"

"அதுக்காக? நாள் பூரா கடையில நின்னுட்டு வந்து, உங்களுக்காக நான் கத்திக்கிட்டே இருக்கணுமா? தொண்டை போகுதுங்க எனக்கு."

"மெதுவாத்தான் சொல்லேன், நான் வேணாம்னா சொன்னேன்?"

"மெதுவா சொன்னா கேக்குதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே உங்க போனை நான் எடுக்க மாட்டேன். நான் மாத்திரைதான் விக்கறேன், காது விக்கலை."

சொன்னபடியே செய்தாள். போன் அடிக்கும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த மாதம் கடைக்கு வந்த வேலைகள் சிலது கை நழுவிப் போயின. சவுண்டு கோபத்தில் அவளோடு பேசாமல் இருந்தார். தான் பேசினாலும் பேசாவிட்டாலும் அவர் காதுக்கு ஒன்றுதான் என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் அம்மா அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பைப் போனில் அனுப்பினார். காதுக்குள் செத்துப்போன செல்களை மறுபடி முளைக்க வைப்பது பற்றி ஓர் இளம் ஆராய்ச்சியாளர் பேசுகிறார். சவுண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மெஷின் இல்லை, ஒன்றும் இல்லை, உள்ளேயே முளைக்குமாம். யாருக்கும் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆனால் யார் கேட்பது? அவரே கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அத்தனை பேரும் திரும்புவார்கள். அந்த வட்டத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு விசேஷங்களுக்கு அவர்தான் மைக்செட்.

வேறு வழியில்லாமல் கருத்து சார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், ஒரு உதவி. காதைப் பத்திப் பேச வர்றாராமே, அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். என் சிநேகிதர் ஒருத்தர் மில்லுல சத்தத்துலயே நின்னு நின்னு காது மந்தமாயிருச்சு. இந்த வைத்தியம் அவருக்கு எப்பக் கிடைக்கும்? அவ்வளவுதான்."

"நீயே கேக்கலாமேப்பா. மைக்கே உங்கிட்டதான இருக்கு?" கருத்து சார் நல்ல கணீர்க் குரல்காரர். அதனால்தான் சவுண்டு அவரைத் தேடிப் போனதே.

"மைக் புடிக்கறவன் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?"

"அதுவும் சரிதான்."

"கருத்து எதுவும் வேணாம் சார். கேள்வி மட்டும்."

கருத்து சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கருத்தே சொல்லாம எப்படிய்யா கேள்வி கேக்கறது? மொட்டையா இருக்காது?"

கூட்டத்தன்று சவுண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து பெட்டியைப் பொருத்தினார். இந்தப் பதிலில் ஒரு சொல்லைக்கூட விட்டுவிடக் கூடாது. மைக்கில் பேசிப் பார்த்தார். மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் பளிச்சென்று கேட்டது. திருப்தியாக ஒரு டீ சொன்னார்.

ஆராய்ச்சியாளர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். மைக்கை வாங்கிப் பேச ஆரம்பித்ததும் சவுண்டுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை நாளைக்கு அப்புறம் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறது! வட்டத்தில் எல்லோரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் பார் என்று நினைத்துக்கொண்டார். கவனமாவது கத்தரிக்காயாவது! தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது அவர்களுக்கு. பல் டாக்டர் அம்மாவுக்கே பல் கூசியது. பாவம், நல்ல மனிதர், சொன்னால் வருத்தப்படுவார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இந்த நாசூக்குதான் பல பேரைக் கெடுத்திருக்கிறது.

பேச்சு நடக்கும்போதே படியேறி ஒருத்தி வந்து டீ மேஜையருகே நின்றாள். பார்த்தால், அவர் மனைவி. மருந்துக்கடைச் சுவரிலும் அந்த அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. சவுண்டு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. முதல் கை கருத்து சாருடையது. சவுண்டு ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"கேள்விக்கு முன்னாடி ஒரு சின்ன கருத்து" என்றார் சார். காது என்பது எவ்வளவு அற்புதமான உறுப்பு என்பதில் தொடங்கி, தான் வேலை பார்த்த கிளையில் நோட்டு எண்ணும் மெஷின் போட்ட சத்தத்துக்கு வந்து, அங்கிருந்து இன்றைய இளைஞர்கள் காதில் செருகிக்கொண்டு திரிவதற்குப் போனார். சவுண்டு மைக்கை மெல்லப் பின்னால் இழுத்தார். சாரும் மைக்கோடு சேர்ந்து முன்னால் வந்தார். "சார், கேள்வி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார் சவுண்டு.

"ஆங். நம்ம சவுண்டோட சிநேகிதர் ஒருத்தர், மில்லுல வேலை பாத்துக் காது போனவர். அவருக்கு இந்த வைத்தியம் எப்பக் கிடைக்கும்?"

வந்துவிட்டது கேள்வி. சவுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே போய் நின்றார். ஆராய்ச்சியாளர் தன் பக்கத்தில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்தார். எடுத்தவர், கீழே வைத்தார். காதை லேசாகத் தேய்த்துக்கொண்டு சிரித்தபடி என்னவோ சொன்னார். கூட்டம் படபடவென்று கைதட்டியது. அவர் சொன்னது, "மைக் வேணாமே, ரொம்பக் கூசுது. நாம வட்டமாத்தானே உக்காந்திருக்கோம்?" என்பது. சவுண்டுக்கு அது கேட்கவில்லை. அதற்குப் பிறகு சொன்ன எதுவும் கேட்கவில்லை.

ஆராய்ச்சியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆற அமரப் பதில் சொன்னார். சமையலறைக் காற்றாடி ஊதிக்கொண்டிருந்தது. வாய் அசைந்தது. விரல் காற்றில் ஒரு சுருளைப் போட்டது. கருத்து சார் தன் கேள்விக்குத் தகுந்த பதில் கிடைத்தவராகத் தலையாட்டினார். ஏதோ ஒரு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சவுண்டும் பழக்கதோஷத்தில் சிரித்தார். சிரித்த வாயை மூடுவதற்குள் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் காத்திருந்து, கருத்து சார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய பதில் ஐயா அது! அவர் கண்ணெதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில், அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதில் முடிந்தது. விறுவிறுவென்று டீ மேஜைக்குப் போனார்.

"என்ன சொன்னாரு?"

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் மனைவி, அவர் காதோரம் குனிந்து.

"அதான், என்ன சொன்னாரு?"

"நீங்களே கேளுங்க. மைக் உங்க கையிலதான இருக்கு."

அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அவளும் அசையாமல் பார்த்தாள். அங்கே பல் டாக்டர் அம்மா அடுத்த கேள்விக்காக அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஒரு கல்லூரிப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சவுண்டு வட்டத்துக்குள் நடந்தார். அந்தப் பெண்ணைத் தாண்டி நடந்தார். நடுவில் நின்றார். மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோனார்.

வாழ்நாள் முழுக்க மைக்கில் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். இப்போதும் அதுதான் முதலில் வந்தது.

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

யாரோ சிரித்தார்கள்.

"சிநேகிதர் எல்லாம் யாரும் இல்லைங்க. நான்தான். எனக்குத்தான் காது கேக்கல. நீங்க இவ்வளவு நேரம் சொன்னதுல ஒரு வார்த்தை என் காதுல விழல. மைக் வைக்கறதே கேக்கணும்னுதானே? தயவு செஞ்சு இதுல சொல்லுங்க."

பேசிக்கொண்டே ஆராய்ச்சியாளரை நோக்கிப் போனவர் பெட்டிக்கு நேராக வந்துவிட்டார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் அந்த விசில் கேட்காமல் மைக்கை நீட்டியபடி நின்றார். பார்த்தவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு கைகள் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து இறங்கின. அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி மிக்சர் முன்னால் நின்றாள். அவள் கை குமிழ் மேல் இருந்தது.

ஆராய்ச்சியாளர் எழுந்து நின்று இரண்டு கையாலும் மைக்கை வாங்கினார். முகம் வெளிறியிருந்தது. "மன்னிச்சிருங்க. எலிகள்ல ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்குங்க. மனுஷங்களுக்கு... இன்னும் அஞ்சு வருஷத்துல வந்துரும்னு நம்பறோம்."

குமிழைக் குறைத்துவிட்டதால் சவுண்டுக்கு அது மந்தமாகத்தான் கேட்டது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்க அவருக்குக் காதே வேண்டாம். இதற்காகவா? மானத்தை நடு வட்டத்தில் வைத்துக் கேட்டு வாங்கியது இதைத்தானா?

"எந்த அஞ்சு வருஷம்ங்க?" என்றார். மைக் இல்லாமலேயே அந்த மாடி முழுக்கக் கேட்டது. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல உக்காந்து ஒருத்தர் அஞ்சு வருஷத்துல பஸ் தானா ஓடும்னாரு. நான் இன்னிக்கும் டிரைவர் ஓட்டற பஸ்லதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தேன். எலிக்குக் கேக்குது, சரி, சந்தோஷம். எலி எந்த ஊர்ல மைக்செட் வெச்சிருக்கு? அதுவரைக்கும் நான் என்ன பண்றது? அதைச் சொல்லுங்க."

ஆராய்ச்சியாளர் பல் டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"அது... அது என் துறை இல்லைங்க" என்றார் அவர், மைக்கை ஒழுங்காக வாயருகே பிடித்து, நிறுத்தி நிதானமாக.

ஒருத்தர் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சங்கடத்தைத் தாங்க மாட்டாமல் கருத்து சார் கையைத் தூக்கினார். "இதுல ஒரு சின்ன கருத்து..."

சவுண்டு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மிக்சரைத் தாண்டிப் போகும்போது மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னொரு கை இன்னும் அந்தக் குமிழ் மேலேயே இருந்தது. எடுக்கவும் பயம், திருகவும் பயம்.

"எங்க நிறுத்தணும்?" என்று உரக்கக் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரைக் கேட்டு அதைத் தொட்டாய் என்று கேட்க வாயெடுத்தார்.

"என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?" என்றார். "எங்க கூசலைன்னு உனக்குத்தான தெரியும். அங்க நிறுத்து."

பிறகு கருத்து சாரிடம் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.